வீரனுக்கு எத்தனை ஜன்மம்?

கதை எழுதுகிறவனுக்குள்ள சௌகரியங்களில் மிகப் பெரியது எது என்று கேட்டால், 'முற்றும்' என்று எழுதும் சௌகரியந்தான் என்பேன். தொடர்கதை எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஐம்பது வாரம் கதாநாயகனை ஊர் ஊராக அலைய விடலாம். கதாநாயகியைக் கண்ணீர் வடிக்க விடலாம். ஆனால் ஒரு வாரம் அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால், ஆசிரியர் உள்பட எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரங்களுக்கு மூப்பும் இல்லை, பிணியும் இல்லை.

இந்தச் சௌகரியம் அடியோடு மறுக்கப்பட்ட கதைகளும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் சித்திரக்கதை வீரர்களைத்தான் சொல்கிறேன். சூப்பர்மேன் 1938-லும், பேட்மேன் 1939-லும் பிறந்தவர்கள். அவர்களைப் படைத்தவர்கள் காலமாகிவிட்டார்கள். முதல் இதழை வாங்கிப் படித்த சிறுவர்கள் கொள்ளுத் தாத்தாக்களாகிவிட்டார்கள். கதை மட்டும் முடியவில்லை. வீரர்களுக்கு வயதும் முப்பதைச் சுற்றியே நிற்கிறது. இந்த அதிசயத்தைக் காப்பாற்றுவதற்காக அவர்களுடைய பூர்வ கதையை எத்தனை முறை அழித்து எழுதினார்கள் என்பது தனி ஒரு சரித்திரம். குழந்தைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாமல் பார்த்தால், கற்பனைப் பாத்திரம் என்பது உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதற்குள் இருப்பது தெரியும்.

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் கிளீவ்லண்டு நகரத்து நண்பர்களான ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு வாலிபர்கள். கதை எழுதியவர் சீகல். படம் போட்டவர் ஷூஸ்டர். இருவருக்கும் அப்போது இருபத்து மூன்று வயது. உரிமை முழுவதையும் பத்திரிகைக் கம்பெனிக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. உயரத் தாவத்தான் தெரியும். அழியும் கிரகத்திலிருந்து வந்த குழந்தையை வழியே போன ஒருவர் கண்டெடுத்து அநாதை விடுதியில் சேர்க்கிறார். கென்ட் தம்பதி எடுத்து வளர்த்ததெல்லாம் அடுத்த வருஷம் சேர்ந்த சங்கதி.

ஆக, முதல் வருஷத்திலேயே கதை மாறத் தொடங்கிவிட்டது. ஆனால் யாரும் அதைப் பறைசாற்றவில்லை. வாசகர்கள் சிறுவர்கள்; சில வருஷத்தில் வளர்ந்து போய்விடுவார்கள்; அடுத்த தலைமுறை வந்து உட்காரும்; பழைய இதழ் பழைய காகிதத்தோடு போய்விடும். வாசகர்களின் மறதியே கம்பெனிக்கு முதலாக இருந்தது.

யுத்தத்துக்குப் பிறகு இந்த வீரர்களுடைய மவுசு குறைந்தது. அநேகம் பேருடைய கதைகள் நின்றே போயின. 1956-ல், பிற்காலத்தில் டி.சி. என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனியில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். 1940-ல் தோன்றி, பின்னர் நின்றுபோன 'ஃப்ளாஷ்' என்ற வேக வீரனைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் பழைய ஆளை அல்ல. பழையவன் ஜே காரிக். புதியவன் பாரி ஆலன் என்ற போலீஸ் ரசாயன நிபுணன். பெயரும் சக்தியும் பழையவை. ஆள், உடை, கதை எல்லாம் புதியவை. இதில் ஓர் அழகான நயம்: புதியவன் தன் கதையிலேயே பழைய ஃப்ளாஷின் சித்திரக்கதையைப் படிக்கிறவனாக வருகிறான். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதைப் போன்ற மரியாதை அது.

1961-ல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கதையில் அந்த இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டார்கள். இருவரும் வேறு வேறு பூமியில் வாழ்கிறவர்கள் என்று ஏற்பாடு. பழையவன் கல்யாணமாகி, ஓய்வு பெற்று, தன் பூமியில் சௌக்கியமாக இருக்கிறான். பழைய கதை பொய்யாகவில்லை. புதிய கதைக்கும் இடைஞ்சல் இல்லை. இரண்டு தலைமுறை வாசகர்களுக்கும் நியாயம் செய்த யுக்தி இது. இந்தச் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

இதற்குள் வாசகர்களும் மாறிவிட்டார்கள். ஷ்வார்ட்ஸ் தமக்கு வந்த கடிதங்களை எழுதியவர்களுடைய முழு விலாசத்தோடு பிரசுரித்தார். ரசிகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்தார்கள். பெரியவர்களான பிறகும் படித்தார்கள். இப்போது அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது! 'அந்த இதழில் அப்படிச் சொன்னீர்களே, இதில் இப்படிச் சொல்கிறீர்களே' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்வதற்காகப் பூமிகள் இரண்டு மூன்றாகி, மூன்று பலவாகி, புதிதாக வந்த வாசகனுக்குத் தலை சுற்றியது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1985-ல் மார்வ் உல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைய, பன்னிரண்டு இதழ்களில் ஒரு பிரளயம் நடத்தினார்கள். அண்டங்கள் அழிந்தன. மிஞ்சியவை ஒரே பூமியாக ஒட்டிக்கொண்டன. இம்மாதிரி அழித்துத் தொடங்குவதற்கு இப்போது 'ரீபூட்' என்று பெயர். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதற்கு வழங்குகிற அதே சொல்.

அந்தப் பிரளயத்தில் இரண்டு முக்கியமான சாவுகள். ஒன்று, ஃப்ளாஷ் பாரி ஆலன். இன்னொன்று, சூப்பர்மேனின் சிற்றப்பன் மகளான சூப்பர்கர்ல். இருவருமே உலகத்தைக் காப்பாற்றுவதற்காக உயிர் விட்டவர்கள். ஆனால் கதை முடிந்த பிறகு இருவருடைய கதியும் ஒன்றாக இல்லை. பாரியை எல்லாரும் நினைவு வைத்திருந்தார்கள். அவனுடைய சீடன் அவன் பெயரைத் தாங்கினான். சூப்பர்மேன் ஒருவனே தன் கிரகத்தில் தப்பியவன் என்று புதிய சட்டம் வந்ததால், சூப்பர்கர்ல் என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்றாகிவிட்டது. அவள் பிணத்தைக் கையில் ஏந்தி அழுத சூப்பர்மேனுக்கே அவளை நினைவில்லை. செத்தவனுக்குத் திதி கொடுக்கலாம். பிறக்கவே இல்லை என்று தீர்ப்பான பெண்ணுக்கு யார் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? 'ரீபூட்' என்பதன் கொடுமை முழுவதும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

நன்மையே விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1986-ல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையை ஆறு இதழ்களில் முதலிலிருந்து எழுதினார். முன்பு கதாநாயகன் பெரியவனாவதற்குள் வளர்த்த தாயும் தகப்பனும் இறந்துவிடுவார்கள். பைர்ன் அவர்களை உயிரோடு வைத்தார். உலகத்தைத் தூக்குகிறவன் விடுமுறைக்குக் கிராமத்து வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட முடிந்தது. பரம விரோதியான லெக்ஸ் லூதர், பைத்தியக்கார விஞ்ஞானி என்ற நிலை போய், நகரமே வணங்கும் கோடீசுவர முதலாளியானான். இரண்டும் நல்ல மாறுதல்கள். வீட்டைச் சுண்ணாம்பு அடிக்கும்போது சில மூலைகளுக்கு வெளிச்சம் வருவதுபோல.

ஆனால் ஒரு கதையின் நூலை இழுத்தால் பக்கத்துக் கதையின் தையல் பிரிகிறது. வொண்டர் வுமன் என்ற வீராங்கனையை 1987-ல் உலகத்துக்கு அப்போதுதான் வந்தவளாக மாற்றி எழுதினார்கள். அவளுக்குத் தங்கை போன்றிருந்த டோனா ட்ராய் என்ற பெண்ணோ பல வருஷங்களாக மற்றக் கதைகளில் வந்துகொண்டிருந்தவள். அக்கா வருவதற்கு முன்பே தங்கை எப்படி வந்தாள்? இதற்குச் சமாதானம் சொல்ல அவளுடைய பிறப்பை ஒரு முறை மாற்றினார்கள். அது பொருந்தாமல் மறுபடி மாற்றினார்கள். பிறகு இன்னும் மாற்றினார்கள். தன் சொந்தக் கதை இன்னதென்று சொல்ல முடியாத பெண்ணாகவே அவள் ஆகிப்போனாள்.

ஜேசன் டாட் என்ற பையனின் கதை இன்னும் உருக்கமானது. பேட்மேனுடைய துணைவன் ராபின். முதல் ராபின் வளர்ந்து பிரிந்து போனதும், 1983-ல் ஜேசனைக் கொண்டுவந்தார்கள். முதல்வனைப் போலவே சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை, அதே மாதிரி பெற்றோரை இழந்தவன், நல்ல பையன். பிரளயத்துக்குப் பிறகு, 1987-ல், அவனை அழித்து எழுதினார்கள். இப்போது அவன் தெருப் பையன், பேட்மேனுடைய காரின் சக்கரத்தைத் திருட வந்தவன், முன்கோபி. வாசகர்களில் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை.

1988-ல் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? வில்லன் வைத்த வெடியில் அவனைச் சிக்கவைத்து, 'இவன் பிழைக்கலாமா, சாகலாமா?' என்று வாசகர்களையே கேட்டது. டெலிபோனில் ஓட்டு, ஒரு தடவைக்கு ஐம்பது சென்ட் கட்டணம். சாகட்டும் என்றவை 5,343. பிழைக்கட்டும் என்றவை 5,271. எழுபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஒரு பிள்ளை செத்தான். அவன் செய்த குற்றந்தான் என்ன? அவன் கேட்டா அவனுடைய பிறப்பை மாற்றினார்கள்? பழைய ஜேசனே இருந்திருந்தால் ஒருவேளை யாரும் டெலிபோனை எடுத்திருக்கமாட்டார்கள். ரோமாபுரியின் அரங்கத்தில் கட்டைவிரலைக் காட்டியவர்களாவது கட்டணம் செலுத்தவில்லை.

ஒரு தடவை அழித்துப் பழகிய கைக்கு இரண்டாம் தடவை கூச்சம் இருப்பதில்லை. 1994-ல் சிறிதாக ஒரு திருத்தம், 2005-ல் இன்னொன்று. 2011 செப்டம்பரில் ஐம்பத்திரண்டு பத்திரிகைகளையும் ஒன்றாம் இதழ் என்று தொடங்கினார்கள். 1938 முதல் ஓடிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்'கூட ஒன்றாம் நம்பரானது. 1996-ல் ஊரறிய நடந்த சூப்பர்மேன், லோயிஸ் லேன் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆயிற்று. போட்டிக் கம்பெனியான மார்வெலும் இந்த விஷயத்தில் சளைக்கவில்லை. அங்கே உலகத்தை மொத்தமாக அழிக்கிற வழக்கம் இல்லாவிட்டாலும், 1987-ல் நடந்த ஸ்பைடர்மேன், மேரி ஜேன் கல்யாணத்தை, அத்தையின் உயிரைக் காப்பாற்ற ஒரு பிசாசுக்குக் கொடுத்த விலை என்று 2007-ல் அழித்தார்கள். ஒன்றாம் நம்பர் போட்ட இதழ் அதிகம் விற்கும். கல்யாணமான நாயகன் வயதானவனாகத் தோன்றுவான். காரணங்கள் இவ்வளவுதான்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அழித்தது எதுவும் அழிந்தபடி இருக்கவில்லை. சூப்பர்மேனின் தங்கையாகவே சூப்பர்கர்ல் 2004-ல் திரும்பி வந்தாள். ஓட்டுப் போட்டுக் கொன்ற ஜேசன் 2005-ல் உயிரோடு வந்தான், தன்னைக் கைவிட்டவர்கள் மேல் தீராத கோபத்தோடு. பாரி ஆலன் 2008-ல் எழுந்தான். பல பூமிகளும் திரும்பின. 2016-ல் சூப்பர்மேனும் லோயிஸும் தம்பதியாக, ஒரு மகனோடு மறுபடி மேடைக்கு வந்தார்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' பழைய எண்ணையே எடுத்துக்கொண்டு 2018-ல் ஆயிரமாவது இதழைக் கண்டது. 'பழைய குருடி, கதவைத் திறடி' என்ற கதைதான்!

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று உண்டு. சட்டப்படி பாத்திரம் கம்பெனியின் சொத்து. சீகலும் ஷூஸ்டரும் அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 130 டாலர் வாங்கியவர்கள் வழக்காடித் தோற்று, வறுமையில் வாடி, 1975-ல்தான் வருஷம் இருபதினாயிரம் டாலர் உபகாரச் சம்பளமும், படைத்தவர்கள் என்று கதையில் தங்கள் பெயரும் பெற்றார்கள். ஆனால் பாத்திரத்தின் உயிர் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத ஓர் இடத்தில் இருக்கிறது. அது படித்தவர்களுடைய ஞாபகம். பத்து வயதில் சூப்பர்கர்லின் சாவுக்கு அழுத சிறுவன் இருபது வருஷம் கழித்துத் தானே கதாசிரியனாக அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறான். 'அவள் இருந்ததே இல்லை' என்று அவனிடம் எந்த முதலாளி சொல்ல முடியும்?

நெடுங்காலம் வாழ்கிற கதை மாறத்தான் வேண்டும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. 1956-ல் ஷ்வார்ட்ஸ் மாற்றியிராவிட்டால் பல வீரர்கள் பழைய காகிதக் கடையோடு போயிருப்பார்கள். ஆனால் அவர் மாற்றியபோது பழையவனை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுப் புதியவனை அழைத்தார். பின்னால் வந்தவர்கள் பழையவனை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தார்கள். அவன் கொல்லைப்புறமாக வந்துகொண்டே இருக்கிறான். கதையில் நடந்ததை 'நடக்கவில்லை' என்று சொல்லுகிற அதிகாரம், அதை எழுதியவனுக்குக்கூட, வாசகர் அதைப் படித்து முடிக்கிற வரையில்தான்.