வெக்டர் என்று பெயர் வைத்த பிட் மூட்டை

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். கணினி மொழியைப் பற்றி நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான் :-) ஆனாலும் இங்கே புனேயில் பொறியியல் படிக்கும் மகள் போன மாதம் இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவள் சி பிளஸ் பிளஸில் எழுதியது பகா எண் சல்லடை. பத்து லட்சம் வரை 78,498 பகா எண்கள் வர வேண்டும். சில முறை சரியாக வரும், சில முறை ஒன்றிரண்டு கூடும். ஒற்றைப்படை எண்களை ஒரு த்ரெட் அடிக்கும், இரட்டைப்படையை இன்னொன்று அடிக்கும். யாரும் யார் எண்ணையும் தொடவில்லை. "அப்புறம் எப்படிப்பா தப்பு வரும்?" என்றாள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் உருவாக்கிய எஸ்.டி.எல். நூலகத்தைத் தரக்குழு 1994-ல் ஏற்றுக்கொண்டது. 1998-ல் வந்த முதல் தரநிலையில் வெக்டருக்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. உள்ளே இருப்பது ஆம்/இல்லை மட்டும் என்றால், ஒவ்வொன்றையும் ஒரே பிட்டில் அடைக்கலாம். பத்து லட்சம் பைட் பிடிப்பது ஒன்றேகால் லட்சத்தில் முடிந்துவிடும். நினைவகம் விலை உயர்ந்த காலம், சிக்கனம் தப்பில்லை.

ஆனால் ஒரு பிட்டுக்குத் தனி முகவரி கிடையாது. ஆகவே நேரடி உறுப்புக்குப் பதில் ஒரு பிரதிநிதியைத்தான் வெக்டர் நீட்டும். மற்ற வெக்டர்களில் ஓடும் நிரல் இங்கே முரண்டு பிடிக்கும். ஹெர்ப் சட்டர் 1999-லேயே இதை எதிர்த்து எழுதினார். ஸ்காட் மேயர்ஸ் 2001-ல் வந்த தன் புத்தகத்தில் இதைத் தவிர்க்கவே சொன்னார். அதற்குள் எத்தனையோ நிரல்கள் இதை நம்பிவிட்டன. எடுக்க முடியவில்லை. த்ரெட்களை முறைப்படுத்திய 2011 தரநிலை, வெவ்வேறு உறுப்புகளை ஒரே நேரத்தில் மாற்றலாம், இந்த ஒரு வெக்டரைத் தவிர, என்று எழுதிவைத்துவிட்டது.

இதைப் படித்ததும் எனக்குப் பழைய லெட்ஜர் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்த காசோலை எண்களை லெட்ஜர் தாளில் ஒவ்வொன்றாக அடிப்போம். எண்கள் வேறு வேறு, தாள் ஒன்றுதான். ஆளுக்கொரு நகல் எடுத்து அடித்து, கடைசியில் ஒரு நகலை மட்டும் கோப்பில் வைத்தால் மற்றவர் அடித்தது போச்சு. எட்டு பிட்டுகள் சேர்ந்த பைட்டும் அப்படி ஒரு தாள்தான். கணினி முழுத் தாளையும் எடுத்து, ஒரு குறி போட்டு, திருப்பி வைக்கிறது.

அவளுக்கு அப்படித்தான் சொன்னேன். பூல் இருந்த இடத்தில் கேர் போட்டாள். அப்புறம் எத்தனை முறை ஓட்டினாலும் 78,498.

ஜாவா 1996-ல் முதல் பதிப்பிலேயே பிட்செட் என்று தனிப் பெயர் வைத்தது. சி பிளஸ் பிளஸிலும் அதே 1998 தரநிலையில் பிட்செட் தனியாக உண்டு, அளவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிட்டில் சேமித்தது குற்றமில்லை. வேறு விதியுள்ள கணக்கைச் சேமிப்புக் கணக்கு என்ற பெயரில் திறந்து கொடுத்ததுதான் குற்றம். எங்கள் தொழிலில் அதற்கு மெமோ வரும்!