எல்லா ஃப்ளூவுக்கும் ஒரே தடுப்பூசி: தேடலின் வரலாறு

இன்ஃபுளுவென்சா வைரஸ் எந்த உருவில் வந்தாலும் தடுக்கக்கூடிய, ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிராத தடுப்பூசியைப் 'பொது ஃப்ளூ தடுப்பூசி' என்று அழைக்கிறார்கள். அப்படியொன்று இதுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. தட்டம்மைக்குக் குழந்தைப் பருவத்தில் போடும் ஊசி பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் பாதுகாப்புத் தருகிறது. ஃப்ளூவுக்கோ ஒவ்வோர் ஆண்டும் புதிய ஊசி தேவைப்படுகிறது. 1918-19இல் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடிப் பேரைக் கொன்ற நோய் இது. அன்றைய இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீண்டும் அத்தகைய வைரஸ் கிளம்பினால் அதைத் தடுக்கக் கையில் என்ன இருக்கிறது என்ற கவலைதான் இந்தத் தேடலைத் தொடர வைத்திருக்கிறது.

வைரஸும் முதல் தடுப்பூசியும்

1918இல் நோய்க்குக் காரணம் எதுவென்றே தெளிவாகத் தெரியாது. 1892இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஃபைஃபர் கண்ட ஒரு பாக்டீரியாவே காரணம் என்று மருத்துவர்கள் பலர் நம்பினர். 1933இல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்தனர். நோயாளியின் தொண்டையைக் கழுவிய நீரை, கீரியைப் போன்ற தோற்றம் கொண்ட ஃபெரெட் என்னும் சிறு விலங்கின் மூக்கில் விட்டபோது அதற்குக் காய்ச்சலும் தும்மலும் கண்டன. ஆய்வின்போது ஸ்மித்தும் நோயில் விழுந்தார். அவரிடமிருந்து எடுத்த வைரஸ், அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி 'டபிள்யூ.எஸ்.' என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

கரு வளரும் கோழி முட்டைக்குள் வைரஸைப் பெருக்கும் முறை விரைவில் கைகூடியது. 1918இல் படைமுகாம்களில் ஃப்ளூ ஆடிய ஆட்டத்தை அமெரிக்க ராணுவம் மறந்திருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிரான்சிஸும், பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனஸ் சால்க்கும், கொல்லப்பட்ட வைரஸைக் கொண்டு தடுப்பூசி தயாரித்தனர். அது வீரர்களிடம் நன்கு பயன் தந்தது. 1945இல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில், 1947இல், அந்தத் தடுப்பூசி தோற்றது. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் நோயுற்றனர். ஊசி தயாரித்ததில் பிழை இல்லை, வைரஸ் மாறிவிட்டிருந்தது. பொது ஃப்ளூ தடுப்பூசிக்கான தேவை அந்த ஆண்டில்தான் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்தது எனலாம்.

ஆண்டுதோறும் ஓர் ஊகம்

மாறும் வைரஸைப் பின்தொடர உலக சுகாதார நிறுவனம் 1952இல் கண்காணிப்பு வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. 1957இல் 'ஆசிய ஃப்ளூ' எனப்பட்ட எச்2என்2 வைரஸ் பரவியபோது, அது மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுவென்சா மையம் இந்தியாவில் அதன் போக்கை ஆராய்ந்தது. 1968இல் எச்3என்2 தோன்றியது. 1977இல் பழைய எச்1என்1 திரும்பி வந்தது.

இன்றும் வலையமைப்பின் வல்லுநர்கள் வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும், தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்தில் எந்த வைரஸ் பரவும் என்று கணித்துச் சொல்கிறார்கள். முட்டையில் வைரஸைப் பெருக்கி ஊசியாக்க ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில் வைரஸ் சும்மா இருப்பதில்லை. கணிப்புப் பொருந்திய ஆண்டுகளில் தடுப்பூசி 40 முதல் 60 விழுக்காடு வரை நோயைக் குறைக்கிறது. பொருந்தாமற்போன 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் அதன் பலன் 19 விழுக்காடுதான். 2009இல் புதிய எச்1என்1 ஏப்ரலில் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் ஊசி அக்டோபரில் வந்தபோது நோயலை உச்சத்தை நெருங்கியிருந்தது. (இதனால் ஆண்டு ஊசி வீண் என்று கொள்ளக் கூடாது. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்று உள்ள பாதுகாப்பு அதுவே.)

தலையும் தண்டும்

வைரஸின் மேற்பரப்பில் ஹீமாக்ளுட்டினின் என்னும் புரதம் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. 1981இல் இயன் வில்சன், ஜான் ஸ்கீஹெல், டான் வைலி ஆகியோர் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். அதை ஒரு காளானாகக் கற்பனை செய்துகொள்ளலாம்: மேலே பருத்த தலை, கீழே தண்டு. தலை நம் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது. தண்டு வடிவம் மாறி, வைரஸ் உயிரணுவோடு இணைந்து உள்ளே நுழைய வழிசெய்கிறது. தலை அடிக்கடி மாறும். தண்டு பெரிதாக மாறுவதில்லை. நம் உடலோ பெரும்பாலும் தலைக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சட்டை நிறத்தை மட்டும் அடையாளம் வைத்துத் திருடனைத் தேடுபவரின் நிலைதான் இது. சட்டையை மாற்றியதும் திருடன் தப்பிவிடுகிறான்.

தண்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை 1993இல் ஜப்பானில் யோஷினோபு ஒகுனோவின் குழு எலிகளிடமிருந்து பெற்றது. சி179 என்று பெயரிடப்பட்ட அது எச்1, எச்2 ஆகிய இரு வகைகளையும் முடக்கியது. இருந்தும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இந்தக் கண்டுபிடிப்பைப் பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. இதற்கு ஒரு காரணம், ஃப்ளூ ஆய்வு முழுவதும் நம்பியிருந்த அளவுகோல்.

அந்த அளவுகோல் 1941இல் பிறந்தது. நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட், ஃப்ளூ வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கவனித்தார். ஒருவரின் இரத்தநீர் அத்திரட்சியைத் தடுத்தால் அவரிடம் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று பொருள். எளிமையான, செலவு குறைந்த இந்தச் சோதனையே உலகெங்கும் நிலைபெற்றது. தடுப்பூசிகளுக்கு அனுமதி வழங்குவதிலும் இதன் அளவீடு பயன்படுகிறது. ஆனால் சிவப்பணுவைப் பற்றுவது தலை. ஆகவே தலையை மறைக்கும் எதிர்ப்பொருள் மட்டுமே இச்சோதனையில் தென்படும். தண்டைத் தாக்குவது எவ்வளவு வலிமையாக இருந்தாலும் விடை 'இல்லை' என்றே வரும். சி179க்கும் அப்படித்தான் வந்தது. அறிவியலில் ஒரு பொருள் நெடுங்காலம் கண்ணில் படாதிருக்க, கருவி பழுதாகியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2008-09இல் நிலை மாறியது. தண்டைப் பற்றும் சிஆர்6261, எஃப்10 போன்ற மனித எதிர்ப்பொருள்களைத் தனித்தனிக் குழுக்கள் வெளியிட்டன. 2011இல் வெளியான எஃப்ஐ6 அன்று அறியப்பட்ட 16 ஹீமாக்ளுட்டினின் வகைகளையும் பற்றியது. 2009 எச்1என்1 தொற்றுக்கு ஆளானவர்களிடமும் இத்தகைய எதிர்ப்பொருள்கள் மிகுதியாகக் காணப்பட்டன. புதிய வைரஸின் தலை அறிமுகமில்லாதது, தண்டு பழகியது. உடலின் நினைவு பழகியதையே பிடித்துக்கொண்டது.

சோதனைக் களத்தில்

இந்த உண்மையை நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் பலேசே, ஃப்ளோரியன் கிராமர் ஆகியோர் வழியாக்கிக்கொண்டனர். மனிதருக்குப் பழக்கமில்லாத பறவை வைரஸின் தலையை எச்1 தண்டின்மீது பொருத்தி, ஒவ்வொரு ஊசியிலும் தலையை மாற்றினர். 2020இல் வெளிவந்த முதற்கட்ட முடிவுகளின்படி, தண்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் 18 மாதங்களேனும் நீடித்தன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தலையையே வெட்டி நீக்கிவிட்டு, தண்டை மட்டும் ஃபெரிட்டின் புரதத் துகள்மீது பதித்தனர். இதுவும் மனிதரிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்துவிட்டது. 2022இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹென்ஸ்லியின் குழு எதிர்த்திசையில் சென்றது. அறியப்பட்ட 20 வகை, துணைவகைகளின் ஹீமாக்ளுட்டினின்களையும் ஒரே எம்ஆர்என்ஏ ஊசியில் சேர்த்து, எலிகளிலும் ஃபெரெட்டுகளிலும் பயன் கண்டது.

ஹீமாக்ளுட்டினினை விட்டு வேறு இடம் தேடியவர்களும் உண்டு. 1999இல் பெல்ஜியத்தில் வால்டர் ஃபியர்ஸின் குழு, வைரஸின் மேலுறையில் தலைநீட்டும் எம்2 புரதத்தின் சிறு பகுதியைக் கொண்டு எலிகளைக் காத்தது. இஸ்ரேலின் பயாண்ட்வேக்ஸ் நிறுவனம் வைரஸின் பல மாறாப் பகுதிகளைக் கோத்து எம்-001 என்ற ஊசியை உருவாக்கி, 12,000க்கும் மேற்பட்டோரிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுசென்றது. 2020 அக்டோபரில் வெளியான முடிவு, ஊசி போட்டவர்களுக்கும் போலி ஊசி போட்டவர்களுக்கும் நோயில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. ஆய்வகத்தில் நன்றாகத் தெரிந்த பலவும் இப்படி மக்களிடம் வந்து நின்றுவிடுகின்றன.

2018இல் அமெரிக்க ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய் நிறுவனம் இலக்கை வரையறுத்தது: 75 விழுக்காடேனும் பாதுகாப்பு, குறைந்தது ஓராண்டு நீடிப்பு, எல்லா வயதினருக்கும் பயன். நூற்றுக்கு நூறு கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தண்டுவழி ஊசிகளுக்கு முன்னால் இருக்கும் பெரிய தடை மீண்டும் அளவுகோல்தான். தண்டு எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தால் மனிதர் நோயிலிருந்து தப்புவார் என்பதற்கு, ஹர்ஸ்ட் சோதனைக்கு உள்ளதைப் போல எல்லோரும் ஏற்ற எண் கிடையாது. எண் இல்லாததால், பல்லாயிரம் பேருக்கு ஊசி போட்டு, ஃப்ளூப் பருவங்கள் வந்துபோகும்வரை காத்திருந்து, யாருக்கு நோய் வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பருவங்களில் வருவதும் வழக்கமான வைரஸ்களாகவே இருக்கும். இன்னும் தோன்றாத பெருந்தொற்று வைரஸை எதிர்த்து ஊசி நிற்குமா என்பதை அந்தச் சோதனையும் நேரடியாகக் காட்ட முடியாது.