பேர் எழுதின கல்லும் எழுதாத இடமும்

வெருகலில பஸ் ஏறி, மூதூர், கிண்ணியா தாண்டித் திருகோணமலைக்குப் போய்வாற ஆக்கள் நாங்கள். போன மாதம் ஒருநாள் இன்னும் கொஞ்சத் தூரம் போய், நிலாவெளி வீதியில் உப்புவெளி யுத்த மயானத்துக்குள்ளும் நுழைந்தோம்.

இரண்டாம் உலகப்போரில் இறந்த 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின நேரம் செத்தவர்களும் அதற்குள் அடக்கம். அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல்தான். பேர், வயது, இறந்த நாள். முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே பிரித்தானியர் எடுத்த முடிவு அது: சாவில் பதவி பார்க்கக் கூடாது. வயதுகளை வாசிக்க வாசிக்க விளங்கியது, கனபேர் எங்கட வயதுப் பொடியன்மார்.

1981இல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குத் தேர்வான வடிவமைப்பும் 21 வயது மாணவி மாயா லின் வரைந்ததுதான். சிலை இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. பளபளக்கும் கறுப்புக் கல்லில், இறந்த நாள் வரிசைப்படி பேர்கள். வாசிக்கிறவரின் முகமும் அந்தப் பேர்களுக்கு மேலே தெரியும்.

திருகோணமலைக்குத் திரும்பி வந்து, கடற்கரையில் காந்தி சிலையடியில் நின்றோம். 2006 ஜனவரி 2இல் ஐந்து மாணவர்கள் இதனருகில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வழக்கில் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஐந்து பேரையும் நினைக்கிற சனத்துக்கு இடக்குறி இன்னொருவரின் சிலை.

எங்கட பக்கம்? அதே 2006இல் மாவிலாறு அணைக்கட்டில் தொடங்கின சண்டை எங்கட சனத்தை ஆற்றுக்கு அங்கால துரத்தியது. நவம்பர் 8இல், இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் ஷெல் விழுந்து 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்களுக்கு நினைவுச்சின்னம் என்றால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம். ஓடேக்க அதையும் விட்டுவிட்டு ஓடினவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் மிஞ்சினது வாயில் இருக்கிற பேர் மட்டுந்தான்.

கல் எப்ப வரும், ஆர் விடுவினம் என்பது எங்கட கையில் இல்லை. பேர்களைச் சேர்க்கிறது எங்கட கையில்தான் இருக்கு. அம்மம்மாமார் இருக்கேக்கயே ஊர் ஊராகப் போய்க் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதுவோம்: பேர், வயது, இறந்த நாள். உப்புவெளிக் கல்லிலும் இவை இருக்குத்தானே.