பதினோரு படுக்கையும் ஒரு முகாம் வண்டியும்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் பெண்ணாடம் ரயிலடியில் கூடினால், பேச்சு சர்க்கரையில் தொடங்கிக் கண் ஆபரேஷனில் வந்து நிற்கும். எங்கே செய்தீர்கள் என்று கேட்டால் பலர் தவளக்குப்பம் என்பார்கள். கடலூரைத் தாண்டிப் புதுச்சேரி போகும் சாலையில் 2003இல் வந்த அரவிந்த் கண் மருத்துவமனைதான் அது. காசு கட்டியவரும் உண்டு. முகாம் வண்டியில் ஏறிப்போய் ஒரு பைசா கொடுக்காமல் திரும்பியவரும் உண்டு. இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் பழைய கதை. என் பாட்டிக்குக் கண்புரை எடுத்த நாட்களில், புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே வைக்க ஒன்றும் கிடையாது. தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஒருநாள் மாட்டுத் தொழுவத்தில் விழுந்து உடைந்தது. மறு கண்ணாடி கடலூரிலிருந்து வந்து சேரும்வரை பாட்டி சுவரைத் தடவித்தான் நடந்தாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருந்தது. பார்வை மட்டும் கண்ணாடிக் கடைக்காரர் கையில் இருந்தது!

டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. அந்த விரல்களாலேயே கண் அறுவை பழகினார். அரசுப் பணியில் மதுரையில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். (அந்த வயதில் நாமெல்லாம் பி.எஃப். பணத்தை எந்த வங்கியில் போடலாம் என்று அலைந்துகொண்டிருந்தோம்.) அவர் 1976இல் உடன்பிறந்தோரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கையோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூட நின்றார்கள்.

காசு கட்டுபவர் தரும் பணத்தில் கட்டாதவருக்கும் வைத்தியம். சொல்வது சுலபம். ஆனால் ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவைக் குறைக்காமல் இது நடக்காது. விருத்தாசலம் பீங்கான்காரர்களைக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார்கள்: சூளையைப் பாதி அடுக்கினாலும் முழுக்க அடுக்கினாலும் எரிபொருள் ஏறக்குறைய ஒன்றுதான், நிறைய அடுக்கினால்தான் சாமான் விலை இறங்கும். அரவிந்திலும் டாக்டரின் நேரத்தை அப்படித்தான் அடுக்கினார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பயிற்றுவித்து, பரிசோதனையும் ஆயத்த வேலைகளும் அவர்களிடம் போயின. ஒரு மேஜையில் அறுவை முடியும்போது அடுத்த மேஜையில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

அடுத்த முட்டுக்கட்டை லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் 1980களில் வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலர் விலையில் வந்தது. அதனால் வசதியுள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குப் பழைய சோடாபுட்டி என்று இரண்டு ஜாதி உண்டானது. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் அமைத்து லென்ஸ் செய்தார்கள். டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் இதற்கு உதவினார். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கி, பின்னர் இன்னும் குறைந்தது. என் பாட்டி காலத்துக் கவலை அதோடு ஒழிந்தது.

ஆனால் என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் அந்த முகாம் வண்டிதான். ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் கிராமத்துக்காரர்கள் வரவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண்ணில் குறையுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேர்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள். பஸ் கட்டணம் வேண்டும், சாப்பாடு வேண்டும், கூட வருபவரின் கூலி போகும். இதை உணர்ந்துதான் வண்டி வைத்துக் கூட்டிப்போய், சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் வேரூன்றியது. தானம் செய்கிறோம் என்று அறிவித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இந்த முறையைக் கற்றுக்கொடுக்கவே மதுரையில் லைக்கோ என்ற பயிற்சி நிலையம் 1992இல் ஏற்பட்டது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கற்றுப்போனார்கள். நைஜீரியாவின் கலபாரில், அங்கே வணிகம் செய்த சிந்திக் குடும்பமொன்றின் துளசி சன்ராய் அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனைக்கு அரவிந்த் துணை நின்றது.

அப்படியே பெயர்த்து நட முடியவில்லை. நமக்கு ஐந்து மைலில் அடுத்த ஊர். அங்கே பல இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் வெகு தூரம். பத்து லட்சம் பேருக்கு ஒரு கண் டாக்டர்கூட இல்லாத நாடுகள் உண்டு. அதனால் டாக்டர் பட்டம் இல்லாத மருத்துவ உதவியாளர்களுக்கே கண்புரை அறுவையைக் கற்றுக்கொடுத்தார்கள். தான்சானியாவின் மோஷியில் 2001இல் தொடங்கிய கிளிமஞ்சாரோ சமுதாயக் கண் மருத்துவ மையமும் வண்டியில்தான் வந்து நின்றது: குறித்த நாளில் ஊருக்குப் போய்ப் பரிசோதித்து, அறுவை தேவைப்பட்டவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிவர வேண்டும். அங்கேயும் அதிகம் விடுபட்டுப்போனவர்கள் கிழவிகள்தான். பஸ் காசை வெளியே எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் வீட்டு ஆண்களிடம் இருந்தது.