முப்பது நாள் பேட்டரி

2015 ஜூன் 8, இரவு 9.23. திருச்சி ரேடாரில் தெரிந்துகொண்டிருந்த ஒரு புள்ளி அதற்குப் பிறகு தெரியவில்லை. கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் அது, எண் சிஜி-791. சாயங்காலம் சென்னையில் கிளம்பி, பாக் நீரிணைப் பக்கம் ரோந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று அதிகாரிகள். திருவாரூர்க்காரனான எனக்கு, அப்போது செய்திகளில் அடிபட்ட காரைக்கால், சிதம்பரம், கடலூர் எல்லாமே பஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயர்கள்.

கடற்படையும் காவல்படையும் கப்பல்களோடும் விமானங்களோடும் தேடின. சாகர் நிதி என்ற ஆய்வுக் கப்பல் வந்தது. கடலடியிலிருந்து ஒரு சமிக்ஞை விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிதான் அதை மறுபடி பிடித்தது. ஜூலை இரண்டாம் வாரத்தில், ரிலையன்ஸ் நிறுவனம் கொடுத்துதவிய ஒலிம்பிக் கேன்யன் கப்பல் சுமார் 950 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்தது. ஒரு மாதம் கடந்திருந்தது.

இந்த ஒரு மாதக் கணக்கு முக்கியம். விமானத்தில் பொதுவாக இரண்டு வகை பீக்கன் உண்டு. ஒன்று வானொலி அலையில் செயற்கைக்கோளைக் கூப்பிடுவது. தரையில் விழுந்தால் இது உதவும், கடலில் மூழ்கினால் தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். இன்னொன்று தண்ணீர் பட்டவுடன் 37.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு ஒருமுறை டிக், டிக் என்று ஒலி எழுப்புவது. நம் காதுக்குக் கேட்காத ஒலி. சில கிலோமீட்டருக்குள் கருவியோடு போனால்தான் பிடிக்கமுடியும். அன்றைக்கு அதன் பேட்டரிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் முப்பது நாள், அவ்ளோதான். (பின்னால் உலக அளவில் இதைத் தொண்ணூறு நாளாக்கினார்கள்.) சிஜி-791ன் பெட்டி கிடைத்தது அந்த விளிம்பில்தான். அடுத்த வருடம் ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32க்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் படத்தில் தெரிந்த செய்தி 2024 ஜனவரியில் வந்தது. அந்த வீடுகளுக்கு அது ஏழரை வருடக் காத்திருப்பு.

பீக்கன் சட்டமானதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். 1967 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ட்ரினிட்டி மலைப்பனியில் ஒரு சின்ன விமானம் விழுந்தது. விமானத்தை ஓட்டியவர் உதவி தேடி நடந்தார், திரும்பவில்லை. அவர் மனைவியும், அந்த அம்மாவின் பதினாறு வயது மகளும் ஏறக்குறைய எட்டு வாரம் உயிரோடு இருந்தார்கள். நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். யாராவது வருவார்கள் என்றுதானே எழுதியிருப்பார்கள்? அக்டோபரில் ஒரு வேட்டைக்காரர் கண்ணில் விமானம் பட்டபோது, படிக்க அந்தக் குறிப்புதான் மிஞ்சியிருந்தது. 1970ல் அமெரிக்கா பீக்கனைக் கட்டாயமாக்கச் சட்டம் போட்டது.

பீக்கன் கத்தினால் போதாது, போய்த் தேட ஆள் வேண்டும். அங்கே அந்த வேலையில் பெரும்பங்கு சிவில் ஏர் பேட்ரோலுடையது. 1941 டிசம்பரில் தொடங்கியது. உறுப்பினர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், வாத்தியார், மெக்கானிக், ஓய்வுபெற்றவர் என்று வேறு வேலை உள்ளவர்கள். சிறிய செஸ்னாவில் ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் ஜன்னல் வழியாகக் காட்டைச் சல்லடை போடுவார்கள். இதில் ஒரு கூத்து என்னன்னா, பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பீக்கன்களின் கூப்பாட்டில் மிகப் பெரும்பாலானவை பொய். நடுராத்திரி ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு போனால், கொட்டகையில் நிற்கும் விமானத்தில் தானாக ஆன் ஆகியிருக்கும். ஆனாலும் அடுத்த முறையும் கிளம்புவார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். 2009 பிப்ரவரியில் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்தின. இப்போது 406. கூப்பிடுவது எந்த விமானம் என்றும் அது சொல்லிவிடும். நம் பக்கத்துக் குரல்கள் பெங்களூரிலுள்ள இஸ்ரோ மையத்துக்கு வருகின்றன.

டெல்டாவில் யாரிடம் செஸ்னா இருக்கிறது? இங்கே அந்த வேலை படகுக்காரர்களுடையது. அக்கரைப்பேட்டையில் ஒரு பெரியவர் சொன்னார்: "சொன்ன நேரத்துக்குப் போட்டு வரலைன்னா, மொதல்ல கெளம்புறது பக்கத்து வீட்டுப் போட்டுதான் தம்பி." 2017ல் ஒக்கி புயலில் குமரி, திருவனந்தபுரம் கடற்கரைக்காரர்கள் இப்படித்தான் சொந்தப் படகில் டீசல் போட்டுக்கொண்டு, காணாமல்போனவர்களைத் தேடிப் போனார்கள்.

மீனவர்களுக்கும் ஒரு பீக்கன் உண்டு. இஸ்ரோ செய்த அபாய அறிவிப்புக் கருவி, 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் இருக்குமிடம் கரைக்குப் போகும். ஆனால் கரையில் யாராவது கேட்டார்களா என்று அமுக்கியவனுக்குத் தெரியாது. அலையில் ஆடுகிற படகில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை அமுக்குவான்? 2024ல் அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் கரையிலிருந்து பதில் போகிறது. ப்ளூடூத் வழியாகக் கைபேசிக்கு வரும் அந்தப் பதிலை, தன் மொழியிலேயே படிக்கலாம்.