நோ தணிக்கும் மருந்தும் நினைவழி நோயும்

மூப்பில் நினைவு தளர்தல் காலத்தின் இயல்பென்று கருதி, ‘அறளை பெயர்ந்தது’ எனக் கூறி அமைதலே நெடுங்கால வழக்கம். அத்தளர்ச்சியுட் பெரும்பகுதி மூளையில் நிகழும் நோயினால் விளைவதென்னும் உண்மை இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. ஜெர்மனியில் பிராங்பேட் நகரத்து வைத்தியசாலையொன்றில் 1901ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்ணொருத்தி தன் பெயரையும் எழுத மாட்டாது தடுமாறினாள். அவளை ஆராய்ந்த வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர், 1906இல் அவள் இறந்தபின் மூளையிற் கண்ட படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் அவ்வாண்டு நவம்பரில் அறிஞர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

அதே நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மற்றொரு வரலாறு தொடங்கியிருந்தது. பேயர் நிறுவனத்தில் 1897இல் பீலிக்ஸ் ஹொவ்மன் ஆக்கிய மருந்து, 1899இல் அஸ்பிரின் என்னும் பெயர் பெற்று உலகெங்கும் பரவிற்று. அது நோவை எவ்வாறு தணிக்கின்றது என்பதோ 1971 வரை விளங்கவில்லை. உடலில் அழற்சியைத் தூண்டும் புரொஸ்டகிளாண்டின்கள் உண்டாகாவண்ணம் அது தடுக்கின்றதென ஆங்கில அறிஞர் ஜோன் வேன் அவ்வாண்டில் நிறுவினார். இங்கிலாந்தில் 1969இல் வழக்கிற்கு வந்த இபுபுரோபனும் இவ்வினத்ததே.

இவ்விரு வரலாறுகளும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஒன்றையொன்று தொடாமலே நடந்தன. கனடாவின் வான்கூவர் நகரில் பற்றிக் மக்கியர் முதலிய ஆய்வாளர், இந்நோயால் இறந்தோர் மூளையின் படிவுகளைச் சூழ்ந்து அழற்சிக்குரிய உயிரணுக்கள் திரண்டிருத்தலை 1980களிற் கண்டனர். அழற்சி மூளையைக் கெடுக்குமாயின், அழற்சி தணிக்கும் மருந்தை ஆண்டுக்கணக்காக உண்ணும் மூட்டுவாத நோயாளரிடை நினைவழி நோய் குறைந்திருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறே குறைந்திருப்பதாக அவர்கள் 1990இல் எழுதினர்.

பின்னர் எழுந்த ஆய்வுகளுள் நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரத்து ஆய்வே தலையாயது. 55 வயதும் அதற்கு மேலும் உடைய 6,989 பேர் சராசரி ஏழாண்டளவு கவனிக்கப்பட்டனர். யார் எம்மருந்தை எவ்வளவு காலம் உண்டார் என்பது அவரவர் வாய்மொழியைக் கொண்டன்றி, மருந்துச்சாலைப் பதிவேடுகளைக் கொண்டே அறியப்பட்டது. மறதியைப் பற்றிய ஆராய்ச்சியில் ஞாபகத்தைச் சான்றாகக் கொள்ளாமை பெரிதும் பாராட்டற்குரியது. இரண்டாண்டும் அதற்கு மேலும் இம்மருந்துகளை உண்டோர்க்கு அல்ஸைமர் நோய் வருவது, உண்ணாதோரை நோக்க ஐந்திலொரு பங்களவே என 2001இல் வெளிவந்த முடிவு கூறிற்று. அம்முடிவு பெருநம்பிக்கை விளைத்ததில் வியப்பில்லை.

ஆயினும் கண்டறிதல் வேறு, கொடுத்துப் பார்த்தல் வேறு. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ நினைவழி நோய் இருந்த, 70 வயது கடந்த 2,528 பேருக்கு நப்புறொக்சன், செலிக்கொக்சிப் என்பவற்றுள் ஒன்றோ மருந்தில்லா வெற்று மாத்திரையோ கொடுக்கப்பட்டது. இருதயத்திற்குத் தீங்கு நேருமென்ற அச்சத்தால் 2004 டிசம்பரில் மருந்தூட்டல் நிறுத்தப்பட்டது. 2007இல் வெளியான கணக்கில் மருந்தினால் நோய் தடைப்பட்டதாகக் காணப்படவில்லை.

அஸ்பிரினைப் பற்றிய ஐயமும் பின்னர்த் தீர்ந்தது. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியோர் சேர்ந்த பரிசோதனையில், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அஸ்பிரின் உண்டோர்க்கு நினைவழி நோய் குறையவில்லை. மாறாகக் கடுமையான குருதிப்பெருக்கே மிகுந்தது. இம்முடிவு 2018இல் வெளிவந்தது.

றொட்டர்டாம் எண்கள் பொய்யல்ல. அவற்றைக் கொண்ட மாத்திரத்தே மருந்தென மதித்தலே பிழை. இந்நோய் வெளிப்படுதற்கு இருபதாண்டுகள் முன்னரே மூளையிற் படிவுகள் தோன்றத் தொடங்குகின்றன. நினைவு தளரத் தொடங்கியவர் தம் நோவை எடுத்துரைத்து மருந்து பெறுவது தானே குறைதலுங் கூடும். அங்ஙனமாயின் மருந்துண்ணாமை நோய்க்குக் காரணமன்று, அதன் விளைவாகும். நடுவயதில் தொடங்கின் மருந்து பயன்படலாமென்பாரும் உளர். அதனை நிறுவ வேண்டின், உடல்நலமுள்ளோர் பல்லாயிரவர்க்கு இரு பதின்மம் ஆண்டுகள் மருந்தூட்டி, வயிற்றுப்புண்ணும் குருதிப்பெருக்கும் நேரக்கூடிய இடர்க்கு அவர்களை ஆளாக்குதல் வேண்டும். மாரடைப்புக் கண்டவர்க்கு வைத்தியர் விதிக்கும் அஸ்பிரின் வேறு காரணம் பற்றியது. அதற்கும் இவ்வாராய்ச்சிகளுக்கும் தொடர்பில்லை.