அஞ்சிய குழந்தைகள் கற்பித்த பாடம்

"இளங்கன்று பயமறியாது" என்பது நம் முன்னோர் வாக்கு. துள்ளித் திரியும் சிறாரின் துணிவைக் கண்டு மகிழ்ந்தவர்கள் சொல்லிவைத்த மொழி அது. ஆயினும், இருட்டைக் கண்டு தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்ளும் மழலையையும், தேர்வு நாளின் விடியலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் மாணவனையும் பார்த்திருக்கிறோம். இளங்கன்றும் அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் பெரியவர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள், எங்கே தவறினார்கள், எவ்வாறு திருந்தினார்கள் என்பது ஏறத்தாழ நூறாண்டு வரலாறு. பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவேண்டிய வரலாறு அது.

அவ்வரலாறு ஒரு பெருந்தவற்றிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சன் என்னும் உளவியல் பேராசிரியர் இருந்தார். அச்சம் பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொள்ளப்படுவதா என்று அறிய விரும்பிய அவரும் அவருடைய மாணவி ரோசலி ரெய்னரும் ஒரு கைக்குழந்தையைத் தேர்ந்தெடுத்தனர். 1920ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் அக்குழந்தைக்கு ஆல்பர்ட் என்று பெயர். வெள்ளெலியைக் கண்டு அஞ்சாத அந்தப் பிள்ளைக்குப் பதினொரு மாதமானபோது, அது எலியைத் தொடப்போகும் வேளையில் பின்புறம் ஓர் இரும்புத் துண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சிலமுறை இவ்வாறு செய்தபின், ஓசையே இல்லாதபோதும் எலியைக் கண்டு குழந்தை அழுதது. பின்னர் முயலுக்கும் நாய்க்கும் உரோம ஆடைக்கும்கூட அஞ்சியது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்னும் நம் பழமொழியை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்திக் காட்டினர் எனலாம்.

அச்சம் கற்றுக்கொள்ளப்படக்கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த ஆய்வின் முறையில் பல குறைகள் இருந்தன என்று பின்வந்த அறிஞர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆனால் அறிவியற் குறையைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. குழந்தை மருத்துவமனையை விட்டுச் செல்லவிருந்தது ஆய்வாளர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தும், தாங்கள் ஊட்டிய அச்சத்தை அவர்கள் நீக்கவில்லை. இதைப் படித்து அவர்கள்மீது சினம் கொள்வது எளிது. சோறு உண்ணாத பிள்ளையைப் "பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று அச்சுறுத்திவிட்டு, அவ்வச்சத்தைக் களைய மறந்துபோகும் நம் வீடுகளையும் அப்போது எண்ணிப்பார்க்க வேண்டும்.

வாட்சனின் சொற்பொழிவைக் கேட்டிருந்தவர்களுள் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். அச்சத்தைக் கற்பிக்க முடியுமானால், அதை மறக்கச் செய்யவும் முடியுமன்றோ என்னும் வினா அவருள் எழுந்தது. நியூயார்க் நகரில் பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனைக் கண்டார். அவனுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. முயலைக் கண்டால் நடுங்குவான். முயலுக்கு அஞ்சாத வேறு பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டு, கூண்டிலிருந்த முயலை முதலில் 12 அடித் தொலைவிலும், பிறகு 4 அடியிலும், 3 அடியிலும் என்று அவன் தாங்கும் அளவுக்கே நெருங்கக் கொண்டுவந்தார்.

நடுவில் ஒரு பின்னடைவு. பீட்டர் காய்ச்சலுற்று இரண்டு மாத அளவு மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வீடு திரும்பும் வேளையில் ஒரு பெரிய நாய் பாய்ந்து வந்து அவனை நடுங்கச் செய்தது. பழைய அச்சம் முழுவதும் மீண்டும் வந்துவிட்டது. ஜோன்ஸ் மனம் தளரவில்லை. பையனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அவன் விரும்பும் உணவை உண்ணும் நேரத்தில், உண்பதற்கு இடையூறு நேராத தொலைவில் முயலை வைத்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து தொடங்கினார். முடிவில் அம்முயல் தன் விரல்களைக் கொறிப்பதைக்கூடப் பீட்டர் பொறுத்துக்கொண்டான். இது வெளியான ஆண்டு 1924.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, நமக்கு இன்னும் நெருக்கமானது. குழந்தைகளின் அச்சத்தைப் போக்கப் பல வழிகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். வெறும் பேச்சினால் ஆறுதல் சொல்வது பெரும்பயன் தரவில்லை. அஞ்சும் பொருளைக் கண்ணில் காட்டாமலே வைத்திருந்து, காலப்போக்கில் மறந்துவிடும் என்று காத்திருப்பதும் அவ்வாறே. பிற பிள்ளைகள் முன் எள்ளி நகையாடுவதும் பயன் தரவில்லை. விருப்பமான ஒன்றோடு இணைத்து மெல்ல மெல்ல நெருங்கச் செய்வதும், அஞ்சாத பிள்ளைகளைக் கண்டு கற்கவிடுவதுமே பயன் தந்தன. நாம் வழக்கமாகக் கையாள்பவை எவை? "இதற்கெல்லாமா பயப்படுவது?" என்னும் அறிவுரை, "தானாகச் சரியாகிவிடும்" என்னும் அலட்சியம், "ஆண்பிள்ளை அழலாமா?" என்னும் ஏளனம். பயன்தராதவை என்று நூறாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட மூன்றையும் இன்றும் நாம் விடவில்லை.

அடுத்த அத்தியாயத்தைப் போர் எழுதியது. 1939 செப்டம்பரின் முதல் சில நாள்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சி பிரித்தானிய நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்; பெற்றோரைப் பிரிந்து, சட்டையில் பெயர்ச்சீட்டுடன் அறிமுகமற்ற வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். 1938இல் வியன்னாவிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்திருந்த அன்னா பிராய்டு, தம் தோழி டாரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து 1941இல் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகத்தைத் திறந்தார். அங்கு அவர்கள் கண்டது பலருக்கும் வியப்பளித்தது. தாய் மன அமைதியோடு அருகிலிருந்தால், குண்டு விழும் இரவுகளையும் குழந்தை தாங்கிக்கொண்டது. தாய் நடுங்கினால் குழந்தையும் நடுங்கியது. தாயைப் பிரிந்த பிள்ளையோ, குண்டு விழாத ஊரிலும் வாடியது.

எனவே காப்பகத்துப் பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு செவிலியின் பொறுப்பில் விட்டனர். உடனே அமைதி பிறந்துவிடவில்லை. அழுகையும் பொறாமையும் பெருகின. ஆனால் அதே வேளையில் பேச்சும் நற்பழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. அன்புகொள்ளத் தனக்கென ஒருவர் கிடைத்ததனால்தான் குழந்தைகள் அழுதார்கள் என்பதை அவர்கள் உணர்ந்துகொண்டனர்.

அந்தக் காப்பகத்தில் கொதிகலனைக் கவனிக்கும் பணியில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இருந்தார். ஸ்காட்லாந்தின் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே குழந்தைகளைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்ட அவர், பின்னர் ஜான் பவுல்பி என்னும் மனநல மருத்துவருடன் இணைந்து பணியாற்றினார். அக்காலத்து மருத்துவமனைகள் பெற்றோர் பிள்ளைகளைக் காண வருவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. முதலில் அழும் குழந்தை சில நாள்களில் அமைதியாகி, பழகிவிடுகிறது என்று செவிலியர் நம்பினர். அந்த அமைதி பழக்கமன்று, நம்பிக்கை இழந்த துயரம் என்றார் ராபர்ட்சன். 1952இல், அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த லாரா என்னும் இரண்டு வயதுச் சிறுமியை அவர் படம்பிடித்தார். அவள் ஓயாது கதறவில்லை. தன் கண்ணீரை அடக்கிக்கொள்ளப் போராடினாள். பார்த்த மருத்துவர்கள் பலர் சினந்தனர். தங்கள் தொழிலை இழிவுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டினர். ஆயினும் உண்மை நிலைபெற்றது. 1959இல் பிரித்தானிய அரசின் பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து காண அனுமதிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடங்கியிருக்கும் பிள்ளையெல்லாம் அமைதியான பிள்ளையன்று என்பதை அறிந்துகொள்ள, கற்றறிந்தோர்க்கும் இத்தனை காலம் தேவைப்பட்டது.

வளர்ந்த பிள்ளைகளின் கதை சற்றுப் பின்னரே தொடங்குகிறது. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, குழந்தைப் பருவத்துப் பதற்றக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவு அளித்தது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிலிப் கெண்டால் என்பவர் ஒரு பயிற்சிமுறையை வகுத்தார். உடல் தரும் அடையாளங்களைப் பிள்ளை தானே அறிந்துகொள்ளுதல், "என்ன கெடுதி நேரும் என்று எண்ணுகிறாய்?" என்று தன்னைத்தானே வினவுதல், அவ்வெண்ணத்தைச் சோதித்து மாற்றுவழி தேடுதல், அஞ்சுவதைச் சிறு படிகளாகச் செய்துபார்த்து முயற்சிக்காகத் தன்னைப் பாராட்டிக்கொள்ளுதல் ஆகியவை அதன் கூறுகள். 9 முதல் 13 வயது வரையான 47 சிறாரிடம் இது ஆராயப்பட்டது. 1994இல் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தங்கள் முதன்மைக் கோளாற்றிலிருந்து விடுபட்டனர். பீட்டருக்கு முயலை அடி அடியாக நெருக்கிய அதே பொறுமைதான் இதிலும் இருக்கிறது.

2008இல் 488 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு, இத்தகைய பயிற்சியும் மருத்துவர் தரும் மருந்தும் தனித்தனியே பயனளிக்கின்றன, இரண்டும் சேரும்போது நூற்றுக்கு 80 பேர் அளவில் நன்கு தேறுகின்றனர் என்று காட்டியது. 2020இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வோ, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி அளித்தது. பிள்ளை அஞ்சுவதை எல்லாம் அதன் வழியிலிருந்து அகற்றிவிடும் வழக்கத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, "இது உனக்குக் கடினம் என்று அறிவேன், உன்னால் தாங்க முடியும் என்றும் அறிவேன்" என்னும் பொருள்பட நடந்துகொள்ளப் பெற்றோர் கற்றனர். பிள்ளைக்கே நேரடியாகச் சிகிச்சை அளித்ததற்கு நிகரான பயன் அதனால் கிடைத்தது.

இந்த நூறாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? அச்சம் குற்றமன்று, ஆதலால் அதற்குத் தண்டனையும் ஏளனமும் மருந்தாகா. அச்சத்திலிருந்து முற்றிலும் ஒளித்து வைப்பதும் மருந்தாகாது. ஓடிய ஒவ்வொரு முறையும் அச்சம் ஓரடி உயர்கிறது. பள்ளிக்குச் செல்ல அஞ்சும் பிள்ளையை வீட்டிலேயே இருத்திக்கொள்வதும் பரிவன்று, இழுத்துச் சென்று விட்டுவிட்டு வருவதும் கண்டிப்பன்று. முதல் நாள் பள்ளிவாசல்வரை உடன் நடந்து செல்லுதல், மறுநாள் வகுப்பறை வாசல்வரை, அடுத்து ஒரு பாடவேளை என்று படிப்படியாகச் செல்லுதலே வழி. இடையில் பீட்டருக்கு நேர்ந்ததுபோல் ஒரு நாய் பாயக்கூடும். அப்போது மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கவேண்டும். பல வாரங்களாக உறக்கமும் உணவும் படிப்பும் கெட்டிருந்தால், தயங்காது மருத்துவரை நாடவேண்டும். அதில் இழுக்கு ஏதும் இல்லை.

ஆல்பர்ட்டின் அச்சத்தைக் களைய எவரும் தங்கவில்லை. பீட்டருக்கு ஒருவர் தங்கினார். இவ்விரு பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு அதுதான். இன்றிரவு நம் வீட்டில் விளக்கை அணைக்கவேண்டாம் என்று கெஞ்சும் பிள்ளையின் அருகிலும் ஒருவர் சற்று நேரம் அமர்ந்திருக்க வேண்டும்.